750 மீட்டரை எங்கே பழகுவது? ஐம்பதுக்கு மேல் முதல் டிரையத்லானுக்கு இறங்கும் நெல்லைக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

ஐம்பது, ஐம்பத்தைந்து வயதில் டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) ஆசை வந்தவர்கள் முதலில் கேட்பது சைக்கிளைப் பற்றித்தான். ஹைபிரிட் வாங்கலாமா, ரோடு பைக் வாங்கலாமா, எத்தனை கியர் வேண்டும்? நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எங்கே நீந்தப் போகிறீர்கள்? அங்கேதான் பேச்சு தடுமாறும். தாமிரபரணி ஓடும் ஊரில் இது ஒரு கேள்வியா என்பார் ஒருவர். பாளையங்கோட்டைக்கு வந்து காசு கட்டி நீந்தணுமா, எங்கள் ஊர்க் கிணறு போதாதா என்பார் இன்னொருவர். திசையன்விளைப் பக்கத்து ஆசிரியை ஒருவர், உவரிக் கடல் பக்கத்தில் இருக்கிறதே, அதிலேயே பழகலாமா என்று கேட்டிருந்தார். மூவரும் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் மூவருக்கும் பதில் ஒன்றில்லை.

குறுந்தூர டிரையத்லானில் பரவலாக நடப்பது ஸ்பிரின்ட். 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம், மூன்றும் ஒரே மூச்சில். 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் அறிமுகமான தூரம் இதைப்போல் இரண்டு மடங்கு; அதைப் பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம்.

சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் நான் அதிகம் எழுதப் போவதில்லை. வீட்டில் நிற்கும் சைக்கிளில் பிரேக் சரியாகப் பிடித்தால் போதும். நான்குவழிச் சாலையை விட்டுவிட்டு, மேலப்பாளையத்திலிருந்து முன்னீர்பள்ளம், பத்தமடை வழியாகச் சேரன்மகாதேவிப் பக்கம் ஓட்டிப் பழகலாம். ஆனி, ஆடியில் மேல்காற்று எதிரே நின்று தள்ளும். அந்தக் காற்றில் ஓட்டிப் பழகியவருக்குப் பந்தயச் சாலை பெரிதாகத் தெரியாது. ஓட்டத்தில் மூச்சு வாங்கினால் நடக்கலாம், விதியில் தடையில்லை. சைக்கிளில் களைத்தால் மிதிக்காமல் கொஞ்சம் உருளலாம். தண்ணீரில்தான் அந்த வசதி குறைவு.

இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான்களில் இறந்தவர்களையும், இதயம் நின்று மீட்கப்பட்டவர்களையும் சேர்த்து எண்ணிய ஓர் ஆய்வு உண்டு. மொத்தம் 135 பேர். அதில் 90 பேருக்கு அது நடந்தது நீச்சலின்போது. சராசரி வயது 47ஐ ஒட்டி, பெரும்பாலோர் ஆண்கள். ஆகவே எங்கே பழகுவது என்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈசிஜி பார்த்துவிடுங்கள். டாக்டர் சொன்னால் டிரெட்மில் சோதனையும். "நீச்சல் பழகப் போகிறேன்" என்று மட்டும் சொல்லாமல், இரண்டு மணி நேரம் தொடர்ந்து உடலை வருத்தும் போட்டி என்று விளக்கிச் சொல்லுங்கள். இன்சுலினோ சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் தண்ணீரில் இறங்கக் கூடாது. தரையில் மயக்கம் வந்தால் உட்காரலாம், தண்ணீரில் உட்கார இடமில்லை.

எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், ஆபத்து என்றால் கைகொடுக்க அங்கே யார் இருக்கிறார்கள் என்பது. இருபது வயதுக்காரருக்கு இதை நான் மூன்றாவதாகச் சொல்லியிருப்பேன்.

இரண்டாவது மூச்சு. சின்ன வயதில் ஆற்றிலும் கிணற்றிலும் பழகிய நம்மில் பெரும்பாலோர் தலையைத் தூக்கிக்கொண்டே கை போடுகிறவர்கள். ஐம்பது மீட்டருக்கு அது சரி. அதற்கு மேல் தலை தூக்கத் தூக்கக் கால் தாழும், கழுத்து பிடிக்கும், நெஞ்சு அடைக்கும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, அங்கேயே மூச்சை விட்டு, பக்கவாட்டில் திரும்பி இழுக்கும் பழக்கம் வர வேண்டும். அந்த இடம் அதற்கு உதவுமா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, நிற்காமல் இருபத்தைந்து நிமிடம் நீந்த அங்கே இடமும், நீந்திய தூரத்தை அளக்க வழியும் இருக்கிறதா. நான்காவது, பந்தய நாளின் தண்ணீரோடு அதற்கு ஒற்றுமை உண்டா. அடி தெரியாது, பிடிக்கச் சுவர் இராது, பக்கத்தில் நீந்துகிறவரின் கால் முகத்தில் படும். ஐந்தாவது, வருடத்தில் எத்தனை மாதம் கிடைக்கும். கடைசியாகச் செலவு. அதில் கட்டணம் சின்னப் பங்குதான். போக வர ஆகும் நேரம், பெட்ரோல், காது வலிக்கு டாக்டர், பெண்களுக்கு உடை மாற்ற ஒரு மறைவிடம் எல்லாமே செலவுக் கணக்கில் வர வேண்டியவை.

நீச்சல் குளம்

பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கக் குளத்தையே எடுத்துக்கொள்வோம். தனியார் குளங்களுக்கும் இதே கணக்குதான். கரையில் பயிற்சியாளர் நிற்பார், அடி தெரியும், சோர்ந்தால் சுவர் இருக்கிறது. மூச்சுப் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. பயந்த உடம்பு மூச்சை வெளியே விடாது, உள்ளேயே பிடித்துக்கொள்ளும். அடி தெரியும் தண்ணீரில் அந்தப் பிடிப்பு தளரும். தூரக் கணக்கும் சுலபம்: 25 மீட்டர் குளம் என்றால் 30 நீளம், 50 மீட்டர் என்றால் 15.

குறைகளும் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் கோடைப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் கூட்டம். நேரம் பிரித்து விடுவார்கள், உங்கள் வேலைக்கு அது ஒத்து வராமல் போகலாம். பராமரிப்புக்கு மூடும் நாட்களும் இருக்கும். அம்பாசமுத்திரத்திலிருந்தோ வள்ளியூரிலிருந்தோ வருபவருக்கு ஒரு மணி நேர நீச்சலுக்காக அரை நாள் போய்விடும். பெண்கள் சேர்வதற்கு முன் தங்களுக்குத் தனி நேரம் உண்டா, பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா என்று கேட்டுவிடுவது நல்லது. அரசுக் குளமோ தனியார் குளமோ, நீச்சலுடை இல்லாமல் விடமாட்டார்கள். முழங்கால் வரை மூடும் உடைகள் இப்போது சாதாரணமாகக் கிடைக்கின்றன, அதற்காகத் தயங்க வேண்டாம்.

இன்னொரு குறை வெளியில் தெரியாது. ஒவ்வொரு முனையிலும் சுவரை உதைத்துக் கிளம்புகிறோம், ஒரு நொடி பிடித்து மூச்சும் வாங்குகிறோம். குளத்தில் 750 முடித்தவர் திறந்த நீரில் 300இல் திணறுவது இதனால்தான். கொஞ்சம் தேறிய பிறகு, சுவரைத் தொடாமல் ஒரு கை தூரத்துக்கு முன்பே திரும்பிப் பாருங்கள். எவ்வளவு கடினம் என்று அப்போது புரியும்.

தாமிரபரணி

ஆற்றைப் பற்றிக் கேட்பவர்களில் பாதிப்பேர் குறுக்குத்துறையிலோ கல்லிடைக்குறிச்சியிலோ நீந்தி வளர்ந்தவர்கள். அவர்களுடைய தைரியம்தான் எனக்குக் கவலை. "நான் பிறந்ததிலிருந்து பார்த்த ஆறு" என்பார்கள். ஆனால் ஆற்றின் அடி அன்றிருந்த அடி இல்லை. பல ஆண்டுகள் மணல் அள்ளிய குழிகள் இருக்கின்றன. படித்துறையில் இடுப்பளவு, நாலடி தள்ளினால் ஆள் முங்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்தது போன்ற வெள்ளம் ஒரு முறை போனால் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். அதற்கு முன்னால் தெரிந்துவைத்த ஆழம் எதுவும் இன்றைக்குக் கணக்கில் சேராது. யாராக இருந்தாலும் புதிதாக வந்தவர் போலக் காலால் துழாவிப் பார்த்துத்தான் இறங்க வேண்டும்.

எந்தப் பகுதியில் நீந்துவது என்பது அடுத்த கேள்வி. மாநகர எல்லைக்குள் சாக்கடை கலக்கிறது. அதில் முகத்தை வைத்து மூச்சுப் பழகுவது வேண்டாம். பாபநாசத்தில் தண்ணீர் தெளிவுதான். ஆனால் பரிகாரத்துக்கு வருகிறவர்கள் விட்டுப்போகும் துணிகள் தண்ணீருக்கடியில் கிடக்கும், காலில் சுற்றினால் நல்ல நீச்சல்காரரும் தடுமாறுவார். அணையில் திறக்கும் அளவு மாறினால் அங்கே நீரின் வேகமும் சட்டென்று மாறும். நடுவிலுள்ள அம்பை, சேரன்மகாதேவி வட்டாரம் எனக்குப் பிடித்தது. அங்கும் சில துறைகளில் அமலைச்செடி மண்டிக் கிடக்கும், ஒதுங்கிப் போங்கள்.

கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள். அணைக்கட்டுக்கு மேல்பக்கம் தண்ணீர் தேங்கி அகலமாக, அமைதியாக நிற்கும். திறந்த நீரில் பழக இந்த மாவட்டத்தில் அதைவிடப் பொருத்தமான நீர்ப்பரப்பு குறைவு. ஆனால் இரண்டு விஷயம். வாய்க்காலுக்குத் தண்ணீர் போகும் மதகுப் பக்கம் போகவே கூடாது, மேலே சலனமில்லாமல் இருக்கும், உள்ளே இழுக்கும். அணைக்கட்டைத் தாண்டி நீர் விழும் கீழ்ப்பக்கமும் அப்படியே. அங்கே தண்ணீர் உருண்டு திரும்பி வந்து, விழுந்தவரை அதே இடத்திலேயே சுற்ற வைக்கும். குளிக்கத் தடை என்று பலகை இருந்தால் விவாதம் வேண்டாம், வேறு துறை பாருங்கள்.

தூரக் கணக்கில் ஆறு நன்றாக ஏமாற்றும். நீரோட்டத்தோடு 750 மீட்டர் போய்விட்டு, முடித்துவிட்டேன் என்று சந்தோஷப்படுவார்கள். பாதி வேலையை ஆறு செய்திருக்கும். கரையில் இரண்டு மரங்களை அடையாளம் வைத்து, முதலில் எதிர்நீச்சல், அப்புறம் நீரோட்டத்தோடு திரும்புவது என்று வையுங்கள். எதிர்நீச்சலில் அடையாள மரம் நகரவே இல்லையென்றால் அன்றைக்கு நீச்சல் கிடையாது, குளித்துவிட்டுக் கரையேற வேண்டியதுதான். மீட்டரை மறந்து நிமிடத்தை எண்ணுவது இன்னும் நல்லது.

எத்தனை மாதம் கிடைக்கும்? வற்றாத ஆறு என்பது உண்மை, எப்போதும் நீந்தலாம் என்பது உண்மையில்லை. ஜூன் முதல் மலையில் தென்மேற்குப் பருவமழை, கார் சாகுபடிக்கான தண்ணீர். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, வெள்ளம். கோடையில் சில இடங்களில் முழங்காலளவு. பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் ஓடும் தை, மாசி மாதங்களில் ஆறு ஓரளவு நிதானப்படும், எனக்கு அதுதான் பருவம். மழை பெய்து கலங்கிய நாட்களில் இறங்காதீர்கள். காலில் வெட்டோ சிராய்ப்போ இருந்தால் எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாக ஏறும். ஆற்றில் நீந்தியபின் சில வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஆற்றில் இறங்கியதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஆற்றுக்குக் கட்டணம் இல்லை என்பார்கள். கூட நீந்த ஓர் ஆள், கரையில் கண் வைத்திருக்க ஓர் ஆள், இடுப்பில் கட்டி இழுத்துப் போகப் பளிச்சென்ற ஆரஞ்சு மிதவை இவ்வளவும் வேண்டும். இரண்டு பேருடைய காலை நேரத்தை வாரம் இரண்டு தடவை கேட்டு வாங்குவது சுலபமில்லை. பெண்களுக்கு இன்னொரு சங்கடம். சேலையோடு குளிக்கும் படித்துறையில் நீச்சலுடையோடு இறங்கினால் கரை முழுக்கப் பார்வையாளர்கள். நாலைந்து பெண்கள் சேர்ந்து, விடிந்ததும் போவதுதான் இப்போதைக்கு நடக்கிற காரியம்.

கிணறு

நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்ட தலைமுறைக்கு ஆழத்தைக் கண்டு பயமே கிடையாது. அது பெரிய சொத்து. குளத்தில் மட்டும் பழகியவருக்கு வராத ஒன்று இவர்களுக்குத் தானாக வரும்: நின்ற இடத்திலேயே மிதந்து மூச்சு வாங்குவது. பந்தயத்தில் திணறல் வந்தால் காப்பாற்றுவது அதுதான்.

மற்றபடி கிணறு டிரையத்லானுக்குப் போதாது. எட்டு மீட்டர் அகலக் கிணற்றில் 750 மீட்டருக்குத் தொண்ணூற்றுச் சொச்சம் தடவை திரும்ப வேண்டும். நாலு கை போடுவதற்குள் சுவர் வந்துவிடும், தலையும் சுற்றும். கோடையில் நீர்மட்டம் இறங்கினால் ஏறி வரும் படிகள் ஐம்பத்தைந்து வயது முழங்காலுக்குத் தனிப் பயிற்சி. மோட்டாரை நிறுத்தி, மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். மின்கசிவு கண்ணுக்குத் தெரியாது.

ஊர்ப் பாசனக் குளங்களையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வடகிழக்கு மழை முடிந்து நிறைந்து நிற்கும்போது பரப்பு அழகாகத்தான் இருக்கும். அடியில் சேறு, கரம்பை எடுத்த பள்ளம், கொடி. உள்ளூர்க்காரர் ஒருவர் கூட வந்து காட்டாமல் இறங்க வேண்டாம். கூந்தன்குளம் பறவைகளுக்கு உரியது, அந்தப் பக்கம் நினைக்கவே வேண்டாம்.

கடல்

உவரி, மணப்பாடு, திருச்செந்தூர். உப்பு நீரில் உடம்பு நன்றாக மிதக்கும், இடுப்பு தாழ்ந்து போகிறவர்களுக்கு அது ஆறுதல். பந்தயம் கடலில் என்றால் சில தடவையாவது கடலில் இறங்காமல் போகக் கூடாது. ஆனால் முதலில் பழகும் இடமாகக் கடலை நான் யாருக்கும் சொல்வதில்லை. அலையைத் தாண்டவே பாதிச் சக்தி போய்விடும், மூச்சுப் பழக மிச்சம் இருக்காது. காற்றே இல்லாத நாளிலும் தொலைவிலிருந்து வரும் கள்ளக்கடல் அலை கரையில் நிற்பவரையே இழுத்துவிடும். இன்கோயிஸ் என்னும் தேசியக் கடல் தகவல் மையம் அதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது, முந்தின நாளே பார்த்துவிடுங்கள். அதைவிட நம்பகமான ஆள் கரையில் இருப்பார். மீனவர்கள் போகாத நாளில் நீங்களும் இறங்காதீர்கள். உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் ஒரு வழியே சுமார் 60 கி.மீ., வாரம் இரு முறை என்பது நடக்காத காரியம்.

| | நீச்சல் குளம் | தாமிரபரணி | கிணறு | கடல் |
|---|---|---|---|---|
| உதவிக்கு ஆள் | கரையில் இருப்பார் | நீங்கள் கூட்டிப் போக வேண்டும் | வீட்டார் | மீனவர் இருந்தால் உண்டு |
| மூச்சுப் பழக | மிக நன்று | தேங்கிய நீரில் மட்டும் | முடியாது | கடினம் |
| தூரம் அளக்க | துல்லியம் | நிமிடக் கணக்கு | வீண் | நிமிடக் கணக்கு |
| பந்தயத்தோடு ஒற்றுமை | குறைவு | அதிகம் | ஆழம் மட்டும் | கடல் பந்தயத்துக்கு முழுமை |
| கிடைக்கும் காலம் | மூடும் நாள் தவிர எப்போதும் | தை, மாசி சிறப்பு | கோடையில் குறைவு | ஆனி, ஆடி கிடையாது |
| மறைமுகச் செலவு | பயண நேரம், நேர ஒதுக்கீடு | துணைக்கு இருவர், தொற்று | முழங்கால், மின்சாரம் | பெட்ரோல், முழு நாள் |

யாருக்கு எது

நீந்தவே தெரியாதவர், நீந்தி இருபது வருடம் ஆனவர், இதயம் அல்லது சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்: நீச்சல் குளம், வேறு பேச்சில்லை. எத்தனை தூரம் வந்தாலும் வரட்டும், பாதி வாரம்தான் போக முடியும் என்றாலும் சரி. குளத்தில் நிற்காமல் 400 மீட்டர் வந்த பிறகு ஆற்றைப் பற்றி யோசிக்கலாம்.

ஆற்றில் வளர்ந்து, இன்றும் வாராவாரம் இறங்குகிறவர்கள் ஆற்றிலேயே தொடரலாம். ஆனால் சில வாரங்களுக்காவது குளத்துக்கு வந்து ஒரு பயிற்சியாளரிடம் மூச்சைத் திருத்திக்கொள்ள வேண்டும். தலையைத் தூக்கியடிக்கும் பழக்கத்தை ஆறு தானாகத் திருத்தாது. இவர்களுக்குத்தான் இந்த யோசனை கசக்கும். "எனக்கு நீச்சல் சொல்லித் தரணுமா?" ஆமாம் அண்ணாச்சி, தரணும்.

கிணறு மட்டுமே கைக்கெட்டும் தூரத்தில் உள்ளவர்கள் அதை மிதக்கப் பழகுவதற்கு வைத்துக்கொண்டு, வாரம் ஒரு நாளாவது குளத்துக்கு வர வழி பாருங்கள். உவரி பற்றிக் கேட்ட ஆசிரியைக்கும் இதே பதில்தான். குளம் முதலில், பந்தயம் கடலில் என்று உறுதியானால் கடைசி மாதத்தில் கடல்.

ஆகக் கூடி, பெரும்பாலோருக்கு நான் சொல்வது மூன்று நான்கு மாதம் குளம், அப்புறம் தை பிறந்ததும் அணைக்கட்டுக்கு மேல்பக்க ஆறு. பந்தயத்தை மாசிக்கோ பங்குனிக்கோ பார்த்து வைத்தால் மழையும் குறுக்கே வராது, பங்குனி வெயிலும் உச்சத்துக்குப் போயிருக்காது.

பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன் நடத்துபவர்களிடம் கேளுங்கள்: நீச்சல் குளத்திலா, ஏரியிலா, கடலிலா? எல்லாரையும் ஒரே நேரத்தில் இறக்குவார்களா, சிறு சிறு குழுவாகவா? எத்தனை படகு, எத்தனை மீட்பர்? ஏதாவது ஒன்றுக்கு மழுப்பலான பதில் வந்தால் வேறு போட்டி தேடலாம். இறங்கும்போது ஓரமாக, பின்வரிசையில் நில்லுங்கள். எந்த வகை நீச்சலும் செல்லும், மல்லாந்தும் நீந்தலாம். மிதவையையோ நின்றிருக்கும் படகையோ பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க உலக டிரையத்லான் விதியே அனுமதிக்கிறது, அதைப் பிடித்து முன்னேறாமல் இருந்தால் போதும். அப்படிப் பிடித்து இளைப்பாறியதால் யாரும் உங்களைப் போட்டியிலிருந்து நீக்க மாட்டார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தண்ணீர் ஒத்துவராது என்றால் டுவாத்லான் இருக்கிறது: ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம். முழங்கால் தகராறு உள்ளவர்கள் அதற்கு அவசரப்பட வேண்டாம், இரண்டு தடவை ஓட வேண்டியிருக்கும். அவர்களுக்கு ரிலே நல்லது. நீந்துவதற்கு அம்பையிலிருந்து ஓர் ஆள், ஓடுவதற்கு வீட்டில் ஓர் இளசு, சைக்கிளுக்கு நீங்கள்.